தை கடைசியா, மாசி முதலா

அன்று பகல் அந்த வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். வீட்டுக்கு மூத்தவர் வெங்கடராகவன், அவர் மனைவி ரங்கநாயகி, தம்பி உப்பிலி, உப்பிலியின் மனைவி வத்சலா, வீட்டுத் தரகன் சின்னையன், செங்கற்பட்டில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த ஞானதாஸ். ஏழாவதாக யாரும் இல்லை. நேரில் பார்த்ததாகப் பின்னால் சொன்னவர்கள் எல்லாரும் தெருவில் நின்றவர்கள். தெருவிலிருந்து பார்த்தால் அந்த வீட்டில் ரேழியின் இருட்டுதான் தெரியும்.

வீடு மாமல்லபுரத்தில், ஸ்தலசயனப் பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது. வெங்கடராகவனின் தகப்பனார் கட்டியது. நடுவில் முற்றம், சுற்றிலும் கூடம், வாசலுக்கும் கூடத்துக்கும் இடையே நீண்ட ரேழி. தாயார் போன பிறகு இரண்டு மருமகள்களுக்கும் ஒரே அடுப்பில் சரிப்படவில்லை. வடக்கு அறைகள் அண்ணனுக்கு, தெற்கு அறைகள் தம்பிக்கு, சமையல் தனித்தனி என்று ஆயிற்று. பொதுவில் மிஞ்சியவை கூடமும் முற்றமும் ரேழியும் வாசலும். அவற்றை யார் பெருக்குவது என்று சண்டை மூண்டபோது, ஒரு மாதம் ரங்கநாயகி, அடுத்த மாதம் வத்சலா என்று தீர்த்துவைத்தவர் வெங்கடராகவன். முன்சீப் கோர்ட்டில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சொன்ன ஏற்பாட்டில் யாரும் ஓட்டை கண்டதில்லை.

ஓட்டை இருந்தது. மாதம் எந்தப் பஞ்சாங்கப்படி பிறக்கும் என்று அவர் சொல்லவில்லை.

சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவர் வீட்டில் பரம்பரையாக வாக்கியப் பஞ்சாங்கம்தான். ஆனால் உப்பிலி அடுப்பைப் பிரித்த கையோடு பஞ்சாங்கத்தையும் பிரித்துக்கொண்டு திருக்கணிதத்துக்குப் போய்விட்டான். பெரும்பாலான மாதங்களில் இரண்டும் ஒரே நாளைத்தான் ஒன்றாம் தேதி என்று சொல்லும். எப்போதாவது ஒரு மாதம், ஒன்றில் பகலில் பிறந்துவிடும், மற்றதில் விளக்கு வைத்த பிறகுதான் பிறக்கும். விளக்கு வைத்த பிறகு பிறந்தால் மறுநாள்தான் ஒன்றாம் தேதி. இடையில் மாட்டிக்கொண்ட அந்த ஒரு நாள் கூடம் யாருக்கும் சொந்தமில்லை. இவள் அவள் முறை என்பாள், அவள் இவள் முறை என்பாள். துடைப்பம் ரேழி மூலையில் சாத்தியபடியே இருக்கும். கடற்காற்று மட்டும் தன் முறை தவறாமல் மணலை அள்ளிக்கொண்டு வந்து கூடத்தில் கொட்டிவிட்டுப் போகும். மறுநாள் விவகாரம் தானே தீர்ந்துவிடும். அந்த ஒரு நாளில் வெளியார் யாரும் வராமல் இருந்தால் போதும்.

அன்று வந்துவிட்டார்கள்.

உப்பிலிக்குக் கேளம்பாக்கம் உப்பளத்தில் கணக்கு எழுதும் வேலை. அங்கேயே குடிபோக வேண்டும் என்பது அவன் எண்ணம். ஒன்று வீட்டை விற்க வேண்டும், இல்லையென்றால் நடுவில் சுவர் எழுப்பித் தன் பாதியை மட்டும் விற்றுக்கொள்வேன் என்று சொல்லிவிட்டான். சொன்னதோடு நிற்கவில்லை. ஒரு வண்டிச் செங்கல் கொண்டுவந்து முற்றத்தில் இறக்கி, மாசி பிறந்ததும் கொத்தனார் வருவான் என்றும் அறிவித்துவிட்டான். தகப்பனார் கட்டிய முற்றத்தை இரண்டாக அறுத்து, ஆளுக்குப் பாதி வானம் என்று பங்கு போட்டு, அதை ஊர் வந்து வேடிக்கை பார்ப்பதைவிட, முழு வீட்டையும் ஒருவருக்கே விற்றுவிட்டு டில்லியில் இருக்கும் மகனோடு போய் இருப்பது கௌரவம் என்று வெங்கடராகவன் முடிவு செய்தார். அதற்காகத்தான் சின்னையனை அழைத்தார்.

சின்னையன் ஒரு ஆளைப் பிடித்தும் விட்டான். ரங்கூனிலிருந்து திரும்பிப் பட்டணத்தில் தங்கியிருந்த பெரிய மனிதர். காலில் வாதம், நேரில் வந்து பார்க்க முடியாது. கருங்குழியில் ஒரு வீட்டின் படம் ஏற்கெனவே அவர் கையில் இருந்தது. மாமல்லபுரத்து வீட்டின் படமும் மறுநாள் காலை அவரிடம் போய்ச் சேர்ந்தால் இரண்டில் ஒன்றை முடிப்பதாகச் சொல்லியிருந்தார். ஆகவே சின்னையன் ஞானதாஸைக் கூட்டிக்கொண்டு, பெட்டியும் முக்காலியுமாகத் திருக்கழுக்குன்றம் வழி பஸ்ஸில் வந்து இறங்கினான்.

வாசலிலேயே அவன் தயங்கி நின்றான்.

"இன்னா சாமி, வாசல்ல கோலத்தையே காணோம்? வூட்ல எதனா..."

"ஒண்ணும் இல்லே. எல்லாரும் சௌக்கியம். உள்ளே வா" என்றார் வெங்கடராகவன்.

உள்ளே வந்தவர்கள் காலடியில் மணல் நறநறத்தது. முதல் நாள் இரவு காற்று பலமாக அடித்திருந்தது. கூடம் முழுக்க மணல் அலை அலையாகப் படிந்திருந்தது. ஊஞ்சலில் ஒரு துணி மூட்டை. தூணில் உப்பிலியின் சைக்கிள். முற்றத்தில், துளசி மாடத்தை மறைத்துக்கொண்டு, செங்கல் குவியல். வடக்கு அறைகளையும் தெற்கு அறைகளையும் எட்டிப் பார்த்தால் தரை முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. இரண்டு பெண்களும் தங்கள் தங்கள் எல்லை வரை பெருக்கி, மெழுகி, அதற்கு மேல் ஒரு விரற்கடை போகாமல் நிறுத்தியிருந்தார்கள்.

ஞானதாஸ் முக்காலியை விரித்து, கேமராவைப் பூட்டி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். தலையை எடுத்ததும் சின்னையனைப் பார்த்தார். சின்னையன் வெங்கடராகவனைப் பார்த்தான்.

"ஐயா, வெளிச்சம் ஜோரா கீது" என்றார் ஞானதாஸ். "ஆனா இந்த மண்ணு, அந்தக் கல்லு, சைக்கிளு, அல்லாம் அப்படியே படத்துல வுழும். கொஞ்சம் சுத்தம் பண்ணிக் குடுத்தீங்கன்னா எடுத்துருவேன்."

"எத்தனை நாழி இருக்கு?"

"வெயிலு அந்த மூணாவது தூண்கிட்ட வந்துட்டா முத்தம் பாதி இருட்டு. அதுக்குள்ள எடுக்கணும்."

வெங்கடராகவன் சாய்வு நாற்காலியில் நிமிர்ந்தபடி உட்கார்ந்திருந்தார். சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்காரும் பழக்கம் அவருக்கு மட்டுமே உண்டு. "ரங்கநாயகி" என்றார்.

ரங்கநாயகி வடக்கு நிலைப்படிக்குள் நின்றபடியே, தெற்கே கேட்கும்படி சொன்னாள். "இன்னிக்கு மாசி ஒண்ணு. கார்த்தாலே நீங்களே மாசப் பொறப்புத் தர்ப்பணம் பண்ணியாச்சு. நான் ஒரு மாசம் பெருக்கி முடிச்சாச்சு."

தெற்கு நிலைப்படியில் வத்சலா வந்து நின்றாள். புருஷனின் அண்ணனிடம் நேராகப் பேசும் வழக்கம் இல்லாததால் தூணைப் பார்த்துப் பேசினாள். "எங்காத்துப் பஞ்சாங்கத்திலே மாசி விளக்கு வெச்சப்புறம்தான் பொறக்கறது. இன்னி பூரா தை. தை யாரோட மாசமோ அவா பெருக்கட்டும்."

"பஞ்சாங்கத்தை மாத்திண்டா முறையும் மாறிடுமாடி?"

"மாத்தினது அவர், மன்னி. நான் பெருக்கறவ. படிக்கறவ இல்லே."

சின்னையனுக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னா சாமி இது? மாசம் பொறந்துச்சா, பொறக்கலியா?"

"எங்க காலண்டர்ல பிப்ரவரி நடக்குது" என்றார் ஞானதாஸ். "அதுல சண்டையே இல்ல."

ஊஞ்சலில் துணி மூட்டையை ஒரு பக்கம் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்த உப்பிலி சிரித்தான். வெங்கடராகவன் சிரிக்கவில்லை. முதல் தூணைத் தாண்டியிருந்த வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்னையன் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். "அந்தத் தொடப்பத்த இப்படிக் குடுங்க. நானே ஒரு இழுப்பு இழுத்துப் போட்டுர்றேன். பேஜாரு வுட்டுது."

"தொடாதே" என்றார் வெங்கடராகவன். குரல் உயரவில்லை. "வீட்டைப் பேசி முடிக்க வந்தவன் வீட்டைப் பெருக்கிட்டுப் போனா, நாளைக்குப் பட்டணத்திலே என்ன சொல்லுவே?"

"நான் இன்னா சாமி சொல்லப் போறேன்?"

"சொல்லாம இருக்க மாட்டே. உன் தொழிலே சொல்றதுதானே?"

சின்னையன் துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டான். கொல்லையைப் பெருக்கும் செங்கம்மாள் கூடத்துக்குள் வரும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை; ஆகவே அவள் பேச்சு எழவே இல்லை. ஆண்கள் துடைப்பம் தொடும் வழக்கமும் இல்லை. ஆக மொத்தம் பெருக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். இருவரும் நிலைப்படியைத் தாண்டவில்லை.

ஞானதாஸ் நல்ல மனிதர். தமக்குத் தெரிந்த வழியைச் சொன்னார். "ஐயா, ஒண்ணு பண்ணலாம். ரெண்டு பக்கத்து ரூமும் கண்ணாடி மாதிரி கீது. கூடத்த வுட்டுட்டு, வடக்கால ஒரு படம், தெக்கால ஒரு படம், தனித்தனியா எடுத்துக் குடுத்துர்றேன்."

"தனித்தனியா எடுத்தா தனித்தனியாத்தான் விக்கணும்" என்றார் வெங்கடராகவன்.

"அதுதானே அண்ணா நானும் சொல்றேன்" என்றான் உப்பிலி, ஊஞ்சலை லேசாக உந்திக்கொண்டே. "முற்றத்தைப் படம் பிடிச்சு என்ன ஆகணும்? நாளைக்கு அதிலே சுவர்தான் இருக்கப் போறது."

ஊஞ்சல் சங்கிலி கிறீச்சிட்டது. ஞானதாஸ் கறுப்புத் துணியை மடிக்கலாமா வேண்டாமா என்று கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

வெங்கடராகவன் காலையில் செய்த தர்ப்பணத்தை நினைத்தார். ஒரு பஞ்சாங்கத்தை நம்பி எள்ளும் தண்ணீரும் இறைத்தாயிற்று. மாசி பிறந்துவிட்டது என்று தகப்பனாரிடமே சொல்லியாகிவிட்டது. இப்போது இல்லை என்பதென்றால், அது தம்பியிடம் தோற்பது மட்டுமல்ல. காலையில் கொடுத்தது தவறான நாளில் கொடுத்தது என்று ஆகும். கோர்ட்டில் எத்தனையோ பேர் கொடுத்த வாக்குமூலத்தை மாற்றிச் சொன்னதை அவர் பார்த்திருக்கிறார். அவர்களில் ஒருவரையும் அவர் மதித்ததில்லை.

வெயில் இரண்டாவது தூணுக்கு வந்திருந்தது.

"உப்பிலி, உன் பஞ்சாங்கத்தைக் கொண்டா" என்றார்.

ஊஞ்சல் நின்றது. உப்பிலி உள்ளே போய்ப் பஞ்சாங்கத்தை எடுத்து வந்து கொடுத்தான். வெங்கடராகவன் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கோர்ட் காகிதம் படிப்பதுபோல அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை படித்தார். மூடினார். தம்பியிடமே திருப்பிக் கொடுத்தார்.

"சரி. இன்னிக்குத் தை."

வத்சலா தூணைப் பார்ப்பதை விட்டு அவரைப் பார்த்தாள். ரங்கநாயகி முதல் தடவையாக நிலைப்படியைத் தாண்டி ஒரு அடி வெளியே வைத்தாள்.

"அப்போ கார்த்தாலே பண்ணினது?"

"நாளைக்குத் திரும்பப் பண்றேன்."

"நன்னாயிருக்கு நியாயம். உங்க தோப்பனாருக்கு நாளைக்கு எள்ளு. எனக்கு இன்னிக்கே தொடப்பம்."

அவள் பதிலுக்குக் காத்திராமல் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ரேழி மூலையிலிருந்து துடைப்பத்தை எடுத்தாள். ஆற்றாமையோடு பெருக்குகிறவள் கைக்கு வேகம் அதிகம். வடக்கிலிருந்து தெற்காக, தூணுக்குத் தூண் மணலைத் தள்ளிக்கொண்டு போனாள். தெற்கு நிலைப்படியை நெருங்கியதும் நிமிர்ந்தாள்.

"காலைத் தூக்கிக்கோ, வத்சலா. தை மாசத்து மண்ணு ஒன் மேலே பட்டுடப் போறது."

வத்சலா காலைத் தூக்கிக்கொள்ளவில்லை. ஆனால் ஊஞ்சலில் இருந்த துணி மூட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்து சைக்கிளையும் உருட்டிக்கொண்டு போய்க் கொல்லையில் நிறுத்தினாள். அது அவள் புருஷனுடைய சைக்கிள். அதில் முறைப் பேச்சு இல்லை.

மிச்சம் இருந்தது செங்கல்.

"உப்பிலி" என்றார் வெங்கடராகவன். "சுவர் எப்போன்னு சொன்னே?"

"மாசி பொறந்ததும்."

"இன்னிக்கு என்ன மாசம்?"

உப்பிலிக்குப் பொறி தெரிந்துவிட்டது. கையில் இருந்த பஞ்சாங்கத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டான். "தை" என்றான்.

"தையிலே முற்றம் என் பொறுப்பு. சுவருக்கு இன்னும் காலம் வரல்லே. செங்கல்லுக்கு இங்கே என்ன வேலை?"

"ஒரு நாள்தானே அண்ணா!"

"ஒரு நாளுக்காகத்தானேடா இத்தனை நாழி கூடம் பெருக்காமக் கெடந்தது?"

சின்னையன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "சரியா மாட்டிக்கினாரு, அண்ணாத்த" என்று ஞானதாஸின் காதில் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

"நான் தூக்க மாட்டேன்" என்றான் உப்பிலி. "எனக்கு இடுப்பு புடிச்சிண்டிருக்கு. எடுக்கச் சொன்னவா எடுக்கட்டும்."

வெங்கடராகவன் எழுந்தார். அங்கவஸ்திரத்தை மடித்து நாற்காலியின் கைமேல் வைத்தார். சின்னையனும் ஞானதாஸும் ஒரு சேர முன்னே வந்தார்கள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். முற்றத்தில் இறங்கி, குனிந்து, கைக்கு அடங்கிய கற்களை அடுக்கி மார்போடு அணைத்துக்கொண்டு கொல்லைப்புறம் நடந்தார். முதுகு வளையவில்லை. திரும்பி வந்தார். மறுபடி குனிந்தார். பூணூலும் மார்பும் செம்மண் நிறமாயின. ரங்கநாயகி துடைப்பத்தோடு நின்றுவிட்டாள். அவரைத் தடுக்க அவள் வாயெடுத்ததையும், அவர் அவள் பக்கம் பார்க்காமலே கடந்து போனதையும் எல்லாரும் பார்த்தார்கள்.

அவர் மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ கொல்லைக்குப் போனபோது, உப்பிலி ஊஞ்சலில் இருந்தபடியே கழுத்தை நீட்டிப் பார்த்தான்.

"அண்ணா, அந்த மூலையிலே வெக்காதேங்கோ. ஓட்டுத் தண்ணி ஒழுகற எடம். மழை பெஞ்சா கல்லெல்லாம் ஊறிப் போகும்."

வெங்கடராகவன் அதே மூலையில்தான் வைத்தார். திரும்பி வந்து, மறுபடி அதே மூலைக்குப் போனார்.

உப்பிலி ஊஞ்சலை விட்டு இறங்கினான். முதலில் கொல்லைக்குப் போய், அண்ணன் வைத்த கற்களை மாட்டுக் கொட்டகைப் பக்கம் மாற்றி அடுக்கினான். பிறகு முற்றத்துக்கு வந்து தானும் ஒரு அடுக்கு எடுத்தான். அவன் இடுப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் கடந்து போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். கொல்லைக் கதவருகே எதிர்ப்பட்டால் அவன் அண்ணனுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றான். அது சிறு வயதுப் பழக்கம். அடுப்பு பிரிந்தபோதும் பஞ்சாங்கம் பிரிந்தபோதும் அது பிரியவில்லை.

கடைசிக் கல் போனதும் துளசி மாடம் வெளியே தெரிந்தது. ரங்கநாயகி முற்றத்தில் இரண்டு குடம் தண்ணீர் விட்டு அலம்பினாள். வாசலில் கோலம் இல்லை என்று ஞானதாஸ் நினைவுபடுத்தியபோது, எந்தப் பேச்சும் இல்லாமல் வத்சலா மாக்கோலம் போட்டுவிட்டு வந்தாள். "தை முறையிலே நான் போடல்லே. நாளை மாசிக்கு இன்னிக்கே போட்டுட்டேன்" என்று ரேழியில் நின்று சொன்னாள். ரங்கநாயகி அதை மறுக்கவில்லை.

வெயில் மூன்றாவது தூணைத் தொடுவதற்குள் ஞானதாஸ் படம் எடுத்துவிட்டார். வாசல் ஒன்று, ரேழியிலிருந்து பார்த்தால் தெரியும் முற்றம் ஒன்று, கூடம் ஒன்று. படத்தில் மனிதர் யாரும் வேண்டாம் என்று வெங்கடராகவன் சொல்லிவிட்டார். அவர் உடம்பில் செங்கல் பொடி இருந்தது. முக்காலியை மடிக்கும்போதே காற்று எழும்பி, அலம்பிய முற்றத்தில் மணலைத் தூவிவிட்டுப் போயிற்று. அதை யாரும் பெருக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

மறுநாள் காலை, இரண்டு பஞ்சாங்கத்துக்கும் மாசி பிறந்த பிறகு, வெங்கடராகவன் தர்ப்பைப் பையோடு முற்றத்துக்கு வந்தார். உப்பிலி ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தான். பல வருஷங்களாகத் தகப்பனாருக்கு அண்ணன் கொடுப்பது ஒரு நாள், தம்பி கொடுப்பது இன்னொரு நாள் என்று மாதப் பிறப்புகள் சில கழிந்ததுண்டு. ஒரே நாளில் வந்தாலும் அவரவர் பக்கத்தில் அவரவர் செய்வார்கள். அன்று உப்பிலி தன் பலகையைச் சற்று நகர்த்தி இடம் விட்டான். வெங்கடராகவன் உட்கார்ந்தார். கூடத்தை வத்சலா பெருக்கியிருந்தாள். அவள் முறை.

படத்தைப் பார்த்த பட்டணத்துப் பெரியவர் கருங்குழி வீட்டை விட்டுவிட்டார். சித்திரையில் வீடு முழுதாகக் கைமாறியது. முற்றத்தில் சுவர் எழும்பவில்லை. செங்கல்லை உப்பிலி எடுத்துப் போகவில்லை. வாங்கினவர் அதில் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டிக்கொண்டார். உப்பிலி கேளம்பாக்கம் போனான், வெங்கடராகவன் டில்லி போனார்.

அவர் போன பிறகு ஊரில் ஒரு பேச்சு கிளம்பிற்று. படம் எடுக்க ஆள் வந்த அன்று, பெண்டுகள் இருவரும் மறுத்துவிட்டதால் வெங்கடராகவனே துடைப்பம் எடுத்து வீட்டைப் பெருக்கினார் என்று. தெருவில் நின்றவர்கள் சொல்லி, பஸ்ஸில் ஏறித் திருக்கழுக்குன்றம் வரை அது போயிற்று. அது பொய். அவர் துடைப்பத்தைத் தொடவில்லை. பெருக்கியவள் ரங்கநாயகி. அவர் சுமந்தது செங்கல்.